ரெஸ்யூமில் காலனி என்று எழுதலாமா?

போளூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் ஏப்ரல், மே மாதங்களில் எப்போதும் கூட்டம் இருக்கும். கல்லூரி இறுதியாண்டு முடிக்கும் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் நகல் எடுக்க வருவார்கள். கூடவே ரெஸ்யூமும் அடிப்பார்கள். கடைக் கணினியில் ஏற்கெனவே ஒரு ரெஸ்யூம் இருக்கும். பெயர், அப்பா பெயர், முகவரி, மதிப்பெண் இவற்றை மட்டும் மாற்றினால் போதும். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் ஆடுவது என்பதெல்லாம் எல்லோருக்கும் பொது. முப்பது ரூபாய்க்கு ஐந்து பிரதி.

இந்த மே மாதம் அங்கே என் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவரைப் பார்த்தேன். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். சென்னையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத்துக்குப் போகிறார். அடித்து வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்:

"அண்ணா, அட்ரஸ்ல காலனின்னு இருக்குது. அதை எடுத்துட்லாமா?"

முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் நான். சாதி குறித்துக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முழு அட்ரஸ் தேவையில்ல தம்பி, ஊர் பேரும் போன் நம்பரும் போதும்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. எனக்குத்தான் தெளியவில்லை. வேலைக்குத் தயாராவது பற்றி ஒரு இருபது வயதுப் பையனுக்கு நான் சொன்ன முதல் பாடம், எதை மறைக்க வேண்டும் என்பதாக ஆகிவிட்டதே!

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் ஆதாரில் இருக்கிறது, ரேஷன் அட்டையில் இருக்கிறது, பேருந்து நடத்துநரின் வாயில் இருக்கிறது. சொல் போனாலும் அது சுட்டுகிற இடம், ஊருக்கு வெளியே, அங்கேயேதான் இருக்கிறது. அந்தத் தம்பி அஞ்சியது சொல்லைப் பார்த்தல்ல. அந்தச் சொல்லைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கப்போகிற கண்களைப் பார்த்து.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் செய்த ஆய்வு, 2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வெளிவந்தது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிப் பெயர், இன்னொன்றில் தலித் பெயர், மற்றொன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. நேர்முகம்கூட இல்லை, ஆங்கிலம் பேசச் சொல்லவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. காகிதத்தில் பெயர் மட்டும்தான் வித்தியாசம்.

'அது வடநாடு, இங்கே பெயரில் சாதி இல்லை' என்று பெருமையோடு சொல்வோம். பெருமைப்பட வேண்டியதும்தான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. ஒரு தலைமுறைக்குள் ஒரு மாநிலமே பெயருக்குப் பின்னால் இருந்த வாலை அறுத்துப் போட்டது. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காதது இது. ஆனால் பெயரில் தெரியாததை நம் ஊரில் வேறு கேள்விகளால் தெரிந்துகொள்கிறார்கள். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்? குலதெய்வம் எது? இவற்றில் ஒன்றுகூட சாதியைக் கேட்பதில்லை. எல்லாமே சாதியைத்தான் கேட்கின்றன.

அதே 2007இல் அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதியின் பெரிய நிறுவனங்களில் ஆளெடுக்கும் மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். சாதி பார்க்கிறீர்களா என்றால் இல்லை, தகுதி மட்டும்தான் என்கிறார்கள். நேர்முகத்தில் என்ன கேட்பீர்கள் என்றால் 'குடும்பப் பின்னணி' என்கிறார்கள். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நல்ல பழக்கவழக்கம் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பாவின் தொழிலைக் கேட்டு மகளின் தகுதியை அளப்பதற்கு மனுதர்மத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மனிதவளத் துறையில் அதற்குப் பெயர் 'பின்னணி'.

எனக்கும் இது நடந்தது. ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்முகம். என் ஆய்வைப் பற்றி இரண்டு கேள்விகள். பிறகு, "போளூரா, போளூர்ல எங்கே?" என்றார் மேசையின் நடுவில் இருந்தவர். ஊர் பெயரைச் சொன்னேன். "மெயின் ரோட்டு மேலயா, உள்ளயா?" என்றார். உள்ளே என்றேன். "அப்பா?" என்றார். தறி நெய்கிறார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பட்டுத் தறி என்றால் இன்ன சாதி என்று ஒரு கணக்கு அவருக்கு. "சொந்தத் தறியா?" என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை, ஆரணி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கூலிக்கு நெய்கிறார் என்றேன். கணக்கு தப்பிவிட்டது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, சொல்லி அனுப்புகிறோம்" என்றார். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. என்னைவிடத் தகுதியான ஒருவர் கிடைத்திருக்கலாம். ஆனால் அவரிடமும் சொந்தத் தறியா என்று கேட்டிருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம்.

போளூரிலிருந்து ஆரணி ஒரு பேருந்துப் பயண தூரம்தான். உலகத்தின் பல்கலைக்கழகங்களில் இந்திய வணிகத்தையும் வேலைச் சந்தையையும் படிக்கிற மாணவர்களுக்கு ஆரணி தெரிந்த ஊர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற பிரிட்டன் ஆய்வாளர் 1973 முதல் இந்த ஊரை மீண்டும் மீண்டும் வந்து ஆராய்ந்தவர். நாற்பது ஆண்டு மாற்றங்களை ஆராய்ந்த ஒரு தொகுப்பு அவர் பதிப்பில் 2016இல் வந்தது. அரிசி ஆலையும் பட்டும் தங்கமும் புழங்குகிற ஒரு சிறுநகரத்தில் கடன் யாருக்குக் கிடைக்கிறது, கடை யார் வைக்கிறார்கள், வேலைக்கு யாரைச் சேர்க்கிறார்கள் என்பதையெல்லாம் சாதி இன்றும் ஒழுங்குபடுத்துகிறது என்பதை அவருடைய எழுத்துகள் காட்டுகின்றன. சந்தை வளர்ந்தால் சாதி தானாகத் தேய்ந்துவிடும் என்று நம்புபவர்கள் ஆரணிக் கடைத்தெருவில் ஒரு சுற்று வந்து பார்க்கலாம். அங்கே வேலை விளம்பரம் கிடையாது. 'நம்ம பையன்' ஒருவர் இருப்பார். அவ்வளவுதான்.

இந்த 'நம்ம பையன்' முறைக்கு ஆங்கிலத்தில் நெட்வொர்க் என்று பெயர். அஸ்வினி தேஷ்பாண்டேவும் கேத்தரின் நியூமனும் டெல்லியின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் படித்த தலித் மாணவர்களையும் மற்ற மாணவர்களையும் படிப்பிலிருந்து வேலைக்குப் போகும் காலத்தில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பட்டம் ஒன்றுதான். ஆனால் ஒரு சாராருக்கு மாமாவும் சித்தப்பாவும் நிறுவனங்களில் இருந்தார்கள். இன்னொரு சாராருக்கு வீட்டில் கடனும், எப்போது சம்பாதிப்பாய் என்று காத்திருக்கும் கண்களும் இருந்தன. ஆறு மாதம் காத்திருந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்பது தெரிந்தும் முதலில் வந்த வேலையைப் பிடித்துக்கொள்ளும் நிலை யாருக்கு? ஆரணி, செய்யாறு பக்கத்து ஊர்களில் விடியற்காலையில் செருப்புத் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கிற பெண்களில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் நின்று எண்ணிப் பாருங்கள், புரியும்.

தமிழ்நாட்டு அரசு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இந்திய அளவில் 28.4 என்றால் தமிழ்நாட்டில் 47 என்கிறது 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அன்று அது இருந்திருந்தால் என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு தார் சுற்ற உட்கார்ந்திருக்க மாட்டார். 2022 மார்ச் 1இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரியில் படிக்கும்போதே திறன் பயிற்சி தருகிறது. சென்னையின் பெரிய கல்லூரிகளுக்கு மட்டும் கிடைத்துவந்த ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்துக் கலைக் கல்லூரிக்கும் வருவது நல்லதுதான்.

என் குறை வேறு. இந்தப் பயிற்சிகள் எல்லாம் விற்கிறவரைத் திருத்துகின்றன. வாங்குகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கைகுலுக்குவது எப்படி, உட்காருவது எப்படி, ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்வது எப்படி என்று மாணவருக்கு வகுப்பு நடக்கிறது. 'அப்பாவின் தொழிலைக் கேட்காதே' என்று வளாகத்துக்கு ஆளெடுக்க வரும் நிறுவனத்துக்கு எந்தக் கல்லூரியாவது ஒரு கடிதம் எழுதியிருக்கிறதா? வேலை கிடைக்காத பிள்ளை வீட்டுக்கு வரும்போது 'எனக்கு கம்யூனிகேஷன் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு வருகிறது. சந்தையின் குற்றத்தைத் தன் நாக்கின் குற்றமாக ஏற்றுக்கொண்டு வருகிறது. கோவில் வாசலில் நிறுத்தியவனைக் கேட்காமல் நான் குளித்துவிட்டு வந்திருக்கலாமோ என்று யோசிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இனி நம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. வாசகர் வட்டங்களிலும் படிப்பு வட்டங்களிலும் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, 'கார்ப்பரேட் அடிமையாவதற்கு ஏன் தயாராக வேண்டும்?' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர்களில் பலருக்கு ஊரில் இரண்டு ஏக்கராவது இருக்கிறது. நிலம் இல்லாதவர் வீட்டுப் பிள்ளை அந்த அடிமை வேலைக்குப் போகாவிட்டால், போவது இன்னும் பழைய அடிமை வேலைக்கு. ஊரை விட்டு வெளியேறுவதற்கான பேருந்துக் கட்டணத்தைத் தருவது அந்தச் சம்பளம்தான்.

இரண்டாவது பதில், 'நமக்கு அரசு வேலைதான்.' இதில் நியாயம் இருக்கிறது. 1921இன் முதல் வகுப்புவாரி அரசாணையில் தொடங்கி இன்றைய 69 விழுக்காடு வரை நாம் நூறாண்டு போராடிப் பெற்ற வாசல் அது. அந்த வாசலை விடக் கூடாது. ஆனால் 2024 குரூப் 4 தேர்வு அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்த நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார்கள். 2019இலேயே பல்கலைக்கழக மானியக் குழு மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. முனைவர் பட்டம் வாங்கினால் நானும் அந்த வரிசையில்தான் நிற்கப் போகிறேன். வாசல் நம்முடையதுதான், ஆனால் அதைச் சிறிது சிறிதாகச் சுவராக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒற்றைத் தேர்வை நம்பி இருபத்தெட்டு வயதுவரை உட்கார்ந்துவிட்டு, அதற்குப் பிறகு எந்தத் தனியார் வேலைக்கும் வயது அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எங்கள் ஊர் நூலகத்தில் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

படித்துத் தகுதி பெற்றுவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு அண்ணலின் வாழ்க்கையே பதில். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தப்படி 1917இல் பரோடா அரசின் பணிக்குப் போனார். வேலை தயாராக இருந்தது. தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து மிரட்டி வெளியேற்றினார்கள். அடைக்கலம் தர நண்பர்களும் முன்வரவில்லை. பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அவருக்குத் திறன் பயிற்சி போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? அவரும் ஒரு பெயரை மறைத்துத்தான் அந்த அறையில் தங்கினார் என்பதை, காலனியை அழிக்கலாமா என்று கேட்ட தம்பியின் முகத்தோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். மறைப்பது அவமானமில்லை. மறைக்க வைப்பதுதான் அவமானம்.

பின் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

மாணவர்களுக்கு: இறுதியாண்டு மே மாதத்தில் தொடங்காதீர்கள், முதலாண்டிலேயே தொடங்குங்கள். சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ், தமிழ் வழியில் படித்த சான்றிதழ் இவற்றைச் சரியான எழுத்துகளோடு வாங்கி வையுங்கள். ஒரு எழுத்துப் பிழையால் வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு. அசல் சான்றிதழை எந்த நிறுவனம் கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். அரசுத் தேர்வு ஒரு கையில் இருக்கட்டும், தனியார் வேலைக்கான ஒரு திறன் இன்னொரு கையில் இருக்கட்டும். ஆங்கிலம் ஒரு கருவி, படிக்கலாம், பிடிபடும். அது வராததால் நீங்கள் குறைந்தவரில்லை.

வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு: அவர்களுக்கு மாமா இருக்கிறார், நமக்கு யார்? சீனியர்தான் இருக்க வேண்டும். ஓ.எம்.ஆர். சாலையில், ஓசூரில், பெங்களூரில் இன்று நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலர் அலுவலகத்தில் தம் சாதி தெரிந்துவிடக் கூடாது என்று ஒதுங்கியே இருக்கிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து இரவுப் பாடசாலையில் பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, உங்கள் நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், எவ்வளவு சம்பளம் கேட்கலாம் என்று சொல்வதை அலுவலகத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை. ஏப்ரல் 14 அன்று மாலை போடுகிற அமைப்புகள், ஏப்ரல் 15 அன்று ரெஸ்யூம் திருத்தும் முகாம் நடத்தட்டும். அதுவும் இயக்க வேலைதான்.

கல்லூரிகளுக்கு: வளாகத் தேர்வில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று விளம்பரப் பலகை வைக்கிறீர்கள். அதில் எந்த வகுப்பினர் எத்தனை பேர் என்பதையும் வெளியிடுங்கள். வளாகத்துக்கு வரும் நிறுவனம் பெற்றோர் தொழில், தெரு, சாதி கேட்கக் கூடாது என்பதை நிபந்தனையாக எழுதி வாங்குங்கள்.

அரசுக்கு: அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் வேலை உள்ளிட்டவற்றில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. புனேவில் பிறந்த ஒரு பெண் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் அது. அங்கே வேலை செய்யும் நம் பொறியாளருக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு, அதே நிறுவனத்தின் சென்னைக் கிளைக்கு ஆளெடுக்கும்போது போளூர்ப் பிள்ளைக்கு வேண்டாமா? நிலமும் மின்சாரமும் வரிச் சலுகையும் அரசிடமிருந்து வாங்கும் நிறுவனங்கள் யாரை வேலைக்கு எடுத்தோம் என்ற கணக்கை அரசிடம் காட்டட்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கை அந்தக் கணக்கிலிருந்து வலுப்பெறும்.

ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் திரும்புகிறேன். முகவரியைச் சுருக்கிய பிறகு அந்தத் தாளை முழுதாகப் படித்தேன். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. "நீ தறியில உட்கார மாட்டியா?" என்று கேட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து நெய்கிறாராம். லீவு நாட்களில் முழு நேரம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம், பிடித்த கூலி, மீதி எவ்வளவு என்று வீட்டுக் கணக்கு நோட்டை எழுதுவதும் அவர்தான். ஒருமுறை முதலாளி வீட்டுக் கணக்கில் பிழை கண்டுபிடித்து நாலாயிரம் ரூபாய் குறைத்தாராம். ஆறு கஜம் புடவையில் ஒரு இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண், ஏழு ஆண்டுக் கணக்கைப் பிழையில்லாமல் வைத்த கை. அதற்குப் பெயர் 'இல்லை' என்று ஜெராக்ஸ் கடைக் கணினி சொல்கிறது, அவரும் நம்பிவிட்டார்.

"அதெல்லாம் போடலாமா அண்ணா?" என்றார்.

போடச் சொன்னேன். எழுதுவதற்குக் கூட உட்கார்ந்தேன். கடைக்காரர் இன்னும் பத்து ரூபாய் கேட்டார், கொடுத்தோம். அவருக்கு அந்த வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அடுத்த சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று அங்கே கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "நெய்றாருன்னு சொல்வேன் அண்ணா. நானும்தான் நெய்றேன்னு சொல்வேன்" என்றார்.